அம்மா காத்து நின்ற பதினொரு நிமிடம்

உடையார்கட்டு,
வெள்ளி இரவு.

அன்புள்ள சுமன் அண்ணா,

இந்தத் தாளை ஒருவருக்கும் காட்டாதீர்கள், அறையில் உங்களோடு இருப்பவர்களுக்கும் வேண்டாம், வாசித்ததும் கிழித்துவிடுங்கள். கட்டாரில் நீங்கள் நோய் நொடி இல்லாமல் இருக்க வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சுகம் என்று அம்மாவின் கடிதத்தில் இருக்கும், அதை நம்ப வேண்டாம். முத்துலிங்கம் மாமா விடிய அங்கே வெளிக்கிடுகிறார், அவர் கொண்டுவரும் பார்சலில் மிளகாய்த்தூள் பைக்கு அடியில் இதை வைக்கிறேன். வீட்டில் இருப்பது ஒரு போன், அது அம்மாவின் தலைமாட்டில்.

கண்ணிவெடி அகற்றுகிற இடத்தில் அம்மா அம்புலன்சோடு மருத்துவ உதவியாளராக நிற்பது உங்களுக்குத் தெரியும். போன கிழமை அங்கே வெடி தேடி நிலம் கிண்டுகிற மேனுகா அக்காவின் காலடியில் ஒன்று வெடித்துவிட்டது. அம்மா மருந்துப் பையோடு எல்லைக்கு நட்ட சிவப்புத் தடி வரைக்கும் ஓடிப்போய் நின்றார். அதற்கு மேல் போகக்கூடாது, மேற்பார்வையாளர் கருவியால் நிலத்தைப் பார்த்துப் பார்த்துப் பாதை திறந்த பிறகுதான் உள்ளே போகலாம். ஒவ்வொரு நாள் காலையும் அதைத்தான் பழகுகிறார்கள், காயக்காரியாகப் படுத்துக்கொண்டு சிரிப்பது எப்போதும் மேனுகா அக்காதானாம். அன்றைக்குப் பாதை திறக்கப் பதினொரு நிமிடம் எடுத்தது. அம்மா நின்ற இடத்திலிருந்தே, "உன்ர இடுப்புப் பையில இருக்கிற பட்டியை எடு, முழங்காலுக்கு மேல கட்டு, இன்னும் இறுக்கு, என்னைப் பார் பிள்ளை" என்று கத்தினாராம். மேனுகா அக்கா தன் காலைத் தானே கட்டினார். பாதம் போய்விட்டது, உயிர் இருக்கிறது, இன்னும் ஆஸ்பத்திரியில்தான்.

செவ்வாய்க்கிழமை கடையடியில் அவருடைய கணவர் ஜெயந்தன் அண்ணா எல்லோருக்கும் முன்னால், "பதினொரு நிமிசம் நிண்டு பாத்தனீங்கள் என்ன அக்கா, படம் பாக்கிற மாதிரி?" என்று கேட்டார். அம்மா சீனியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து பின்னேரங்களில் குசினி வாசலிலிருந்து கிணற்றடிக்கு எண்ணி நடக்கிறார். பத்தொன்பது அடி வைத்தால் கிணறு. மேனுகா அக்கா விழுந்து கிடந்ததும் அவ்வளவு தூரம்தானாம். நேற்று நடந்து முடித்துவிட்டு, "இனி ஒருக்கா எண்டால் நான் நிக்கமாட்டன்" என்றார். எனக்குச் சொல்லவில்லை, கிணற்றைப் பார்த்துச் சொன்னார். திங்கட்கிழமை திரும்ப வேலைக்குப் போகிறார்.

அண்ணா, வேலையை விடச்சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள். அம்மா வெளியே நிற்கிறார் என்ற துணிவில்தான் மற்றப் பெண்கள் அந்த நிலத்தில் குந்துகிறார்கள். சிவப்புத் தடிக்கு இந்தப் பக்கம் நின்றது சரி என்று மட்டும் சொல்லுங்கள். நான் சொன்னால், "உனக்கென்னடி தெரியும், போய்ப் படி" என்கிறார். அப்பாவும் இல்லாத இந்த வீட்டில் அம்மா அந்தப் பத்தொன்பது அடியையும் நடந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்துப் பாருங்கள். ஞாயிறு இரவுக்குள் அம்மாவுக்குப் போன் எடுங்கள். நான் எழுதியதாகச் சொல்லாதீர்கள், முத்துலிங்கம் மாமா சொன்னதாகச் சொல்லுங்கள், அவர் எல்லாம் சொல்லுகிறவர்தானே. வெயிலுக்குள் வேலை செய்யும்போது தண்ணீர் குடிக்க மறக்க வேண்டாம், அம்மா

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஜெயந்தன் அண்ணாவின் குரல். "அக்கா, கதவைத் திறவுங்கோ. மேனுகா போனில நிக்கிறாள். உங்கட குரலைக் கேட்டால்தான் நித்திரை கொள்ளுவாளாம்."

அம்மா எழும்பிவிட்டார், நான்