புல் முளைத்த கல்லறை

18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

பூசை முடிந்து என் வீட்டுக்காரர் கல்லறைக்குப் போனேன். என்ன வெயில் இது! மேட்டில் இருந்த பழைய செம்பனை மரங்களை மறுநடவுக்காகத் தள்ளிவிட்டார்கள். மைக்கல்ராஜுக்கு இருந்த கொஞ்ச நிழலும் போச்சு. சரிவில் கடைசிக் கல்லறை அவருடையது. கை வைத்தால் மண் சுடுகிறது, வெடித்துக் கிடக்கிறது. ஓரத்தில் நாலு புல் தலை நீட்டியிருந்தது. இழுத்தேன், வரவில்லை. மருந்துதான் அடிக்கணும். வாரம் முழுக்கத் தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கிறவள் ஞாயிற்றுக்கிழமையும் பம்பைத் தூக்கணும். என் தலையெழுத்து.

1 செப்டம்பர்

பெவர்லி போன் பண்ணினாள். அதே பேச்சு. "அடுத்த வருஷக் கடைசியில நீங்க ரிட்டையர். தோட்டத்து லயத்து வீட்டை எப்படியும் காலி பண்ணணும்லா மா. இப்பவே எங்ககூட ராசா டவுனுக்கு வந்தா என்ன?"

போகலாம். மகள் வீடுதான். ஆனால் நான் போனபிறகு அவர் கல்லறையை யார் பார்ப்பார்கள்? புல் மண்டிவிட்டால் ஆள் இல்லாத கல்லறை என்பார்கள். இந்தத் தோட்டத்தில் அதைவிட அசிங்கம் இல்லை. அவள் அப்பாதானே, அவளுக்குத் தெரியாதா?

13 அக்டோபர்

கல்லறைத் திருநாள் வருகிறது. கோயில் கமிட்டி மார்கஸ் அண்ணன் வழக்கம்போல வந்து நின்றார். "பெட்ரிசியா, மண்ணு பளிச்சுன்னு தெரியணும்லா. ஃபாதர் வர்றாரு." எல்லார் கல்லறைக்கும் அடித்தேன். மைக்கலுக்கு மட்டும் இரண்டு தடவை. மூலையில் சில பழைய கல்லறைகள், யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அங்கே எதற்கு மருந்தை வீணாக்குவது என்று விட்டுவிட்டேன்.

27 அக்டோபர்

காய்ந்த புல்லை எல்லாம் கூட்டித் தள்ளினேன். ஒரு வேர்கூட இல்லை. சிவந்த மண், துடைப்பத் தடம் அப்படியே தெரிகிறது. இடுப்பு ஒடிந்தாலும் பார்க்க நிறைவாக இருந்தது.

2 நவம்பர்

நல்ல கூட்டம். பெவர்லி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, "அப்பா இடம்தான் மா எல்லாத்தையும்விட சுத்தம்" என்றாள். சந்தோஷம்தான். கால் வலி.

9 நவம்பர்

மூன்று நாளாகக் கொட்டுகிறது. வாசல் லொங்காங் வாய்க்காலில் சிவப்பாகத் தண்ணீர் ஓடுகிறது. எங்கே இருந்து வருகிறது இந்த மண்?

10 நவம்பர்

ஆண்டவரே. அவர் மண்ணுதான் அது.

சிலுவை சாஞ்சு கிடக்குது. கல்லறைக்குக் கீழ்ப்பக்கம் மண்ணே இல்ல. சுத்திக் கட்டின சிமெண்டு வரம்புக்கு அடியில கையை விட்டா தோள் வரைக்கும் போகுது. இன்னொரு மழை வந்தா இவரு என்ன ஆவாரு? கூட்டினது யாரு? நான்தான். ரெண்டு தடவ மருந்து அடிச்சு, கூட்டிப் பெருக்கி, நானே தூக்கித் தண்ணிகிட்ட கொடுத்துட்டேன்.

மூலைப் பக்கம் போய்ப் பார்த்தேன். அந்த ஆள் இல்லாத கல்லறைங்க — ஒரு பிடி மண்ணுகூட நகரல. புல்லு மூடி, அப்படியே இருக்கு. யாரும் நினைக்காதவங்க நிம்மதியா படுத்திருக்காங்க. உசிரா நினைச்சவருக்கு இந்தக் கதி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே உட்கார்ந்து கத்தி அழுதேன்.

12 நவம்பர்

மார்கஸ் அண்ணன் வந்து மண்மூட்டை அடுக்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன். "கவலைப்படாதலா, சரிவு முழுக்க சிமெண்ட் ஊத்திடலாம்" என்றார். அந்தத் தண்ணீர் அப்புறம் எங்கே போகும் என்று கேட்டேன்.

அவர் போனபிறகு மூலையில் விரலை விட்டுப் பார்த்தேன். புல்லுக்கு அடியில் மண் கறுப்பாக, பொதபொதவென்று இருக்கிறது. பெய்ததை எல்லாம் குடித்திருக்கிறது. எங்கள் பக்கம் மாதக்கணக்காக வெயிலில் வெந்து இறுகிய மண். தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லை, மேலோடு ஓடியது, போகிற போக்கில் மண்ணையும் இழுத்துக்கொண்டு போனது. இவ்வளவுதான் விஷயம். இது தெரியாமல் இத்தனை வருஷம்.

1 டிசம்பர்

திடல் ஓரத்தில் மாட்டுப் புல்லை வேரோடு பெயர்த்துச் சாக்கில் கட்டிக்கொண்டு போய் நட்டேன். என்னோடு மருந்து அடிக்கும் ரோகினிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வாரம் பூரா கொன்னுட்டு, ஞாயித்துக்கிழமை பாவசங்கீர்த்தனமா அக்கா?" வாயாடி. ஆனால் இரண்டாவது சாக்கை அவள்தான் தூக்கி வந்தாள்.

15 டிசம்பர்

ராத்திரி மழை. தூங்கவில்லை.

22 டிசம்பர்

மறுபடியும் மழை. விடிந்ததும் குடையோடு ஓடினேன். பாதிப் புல் போய்விட்டது. திரும்ப நட்டேன். யாரிடம் சொல்லி அழ?

16 பிப்ரவரி 2025

இப்போது வெயில். நட்டது கருகுகிறது. பம்பில் தண்ணீர் கொண்டுபோக முடியாது, எத்தனை தடவை கழுவினாலும் மருந்து போகாது. வாளியில்தான் சுமக்கிறேன். முட்டி இரண்டும் கழன்றுவிடும் போல. மைக்கல், உயிரோடு இருந்தபோதும் உங்களுக்குக் குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்தது நான்தான். இன்னும் முடியலையா?

11 மே

பிடித்துவிட்டது! பாதையில் மண் சுடுகிறது. அவர் மேல் புல்லுக்குள் கை வைத்தேன், குளுகுளுவென்று இருந்தது. கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

19 அக்டோபர்

மார்கஸ் அண்ணன் மறுபடி. "திருநாள் வருதுலா. பம்பு எங்க?"

"இந்த வருஷம் பம்பு கிடையாது அண்ணே. கத்தரிச்சு விடலாம்."

"புல்லோட விட்டா ஆள் இல்லாத கல்லறைன்னு பேசுவாங்க."

"பேசட்டும். போன வருஷம் லொங்காங்குல போனது ஆள் இருந்த கல்லறைதான்."

அப்புறம், "மெழுகுவத்தி எப்படி நிக்கும்?" என்றார். மைலோ டின்னில் மணல் போட்டுக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே தன் அம்மா கல்லறைக்கும் ஒன்று கேட்டு வாங்கிப் போனார்.

2 நவம்பர்

பெவர்லி முகம் முதலில் சுருங்கியது. "என்ன மா, இப்படி விட்டுட்டீங்க?" மண் போன கதையைச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு அப்பா பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள். போகும்போதுதான் எழுந்தாள்.

30 டிசம்பர்

ஆபீஸில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டேன். ரோகினி அழுதாள். கல்லறையைப் பார்த்துக்கொள் என்றேன். "அதைத்தான் புல்லு பார்த்துக்குதே அக்கா" என்கிறாள்.

4 ஜனவரி 2026, ராசா

வெயில் வந்தபிறகுதான் எழுந்தேன். பெவர்லி காப்பி கொண்டுவந்தாள். "ராத்திரி என்ன மழை மா! இடி வேற. பயந்துட்டீங்களா?"

எங்கள் தோட்டம் இருக்கும் ரெம்பாவ் பக்கமும் விடாமல் கொட்டியதாம். ரோகினி போட்டோ அனுப்பியிருக்கிறாள். சிலுவை நேராக நிற்கிறது.

எனக்கு மழையே தெரியாது. தூங்கிவிட்டேன்.