முன்பாரம்

மச்சான்,

இன்று காலை நம் மலையில், கியா பார்ம் தோட்டத்தில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஈர இலை வாடை மூக்கைப் பிடித்தது. நீ ஓட்டிய லோரிதான். டிரைவர் மட்டும் வேறு. "முன்னுக்கு அடுக்குங்க லா, ஏத்தத்துல வண்டி தலை தூக்கும்" என்றான். அப்படியே உன் வார்த்தை. "பின்னாடி தள்ளு, பின்னாடி!" என்று என்னை அறியாமல் அலறிவிட்டேன். எல்லாரும் பேயறைந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த நமக்குக் கடல் எதற்கு என்று கேட்டால் சிரிப்பாய். ஆனாலும் கீழே லுமுட் கடற்கரையில் அந்தப் பழைய கேட்டமரானை வாங்கியே விட்டாய்: இரண்டு ஒல்லிப் படகுகளைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து, நடுவில் வலை கட்டிய பாய்ப்படகு. விற்ற மீனவர் சொன்னார்: "வீடு மாதிரி நிக்கும், தம்பி. ஆனா பாரத்த நடுவுல வைங்க. கவுந்துட்டா தானா நிமிராது." நீ தலையாட்டினாய். தலையாட்டுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை.

தீவிலிருந்த உன் அக்கா வீட்டுக்குப் போகும்போது காய்கறிக் கூடைகளை நடுவில்தான் வைத்தோம். திரும்பும்போது மலைமேல் பிரிஞ்சாங் ஊர் பாய் கடைக்காக ஐஸ் போட்ட மீன்பெட்டிகள். காலியாக நின்ற படகு அலையில் மூக்கைத் தூக்கியது. "இதுவும் ஏத்தம் ஏறுற லோரிதான் மச்சான்" என்று பெட்டிகளையெல்லாம் முன்னால் அடுக்கிக் கட்டினாய். மலையில் அந்தக் கணக்கு உன்னை ஒருநாளும் கைவிட்டதில்லை.

பாதி வழியில் பின்னாலிருந்து பலத்த காற்று தள்ளியது. படகு பக்கவாட்டில் சாயவே இல்லை. சாய்ந்திருந்தால் பயந்து பாயை இறக்கியிருப்போம். முன்மூக்கு இரண்டும் அலைக்குள் இறங்கியபோதுதான் உனக்குப் புரிந்தது. "நீ பின்னாடி போ, சுக்கானப் பிடி!" என்று கத்திவிட்டு, பெட்டிகளை அவிழ்த்துத் தள்ள நீ முன்னால் ஓடினாய். நீயும் ஒரு பாரம் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? மூக்கு உள்ளே போனது; நான் நின்ற பின்பக்கம் வானத்துக்கு எழும்பி, படகு தலைகுப்புறக் கவிழ்ந்தது. என்னைக் கடல் தூர எறிந்தது. நீ வலைக்கு அடியில் சிக்கினாய்.

மூழ்கி மூழ்கித் தேடினேன். கயிறுதான் கைக்கு வந்தது. கவிழ்ந்த படகின்மேல் கிடந்து உன்னைக் கூப்பிட்டேன். அடியிலிருந்து தட்டினாய். பிறகு அலை மட்டும் தட்டியது. இப்போதும் தகரக் கூரையில் மழை விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, மச்சான். ஆனாலும் இன்று மூட்டைகளை முன்னால் அடுக்கத்தான் விட்டேன். மலைக்கு நீ சொன்னதுதான் சரி.

"முன்னால ஏறிக்குங்கண்ணே" என்று டிரைவர் கதவைத் திறந்தான். நான் மூட்டைகளுக்குப் பின்னால், பலகையோரமாக ஏறிக்கொண்டேன். பஸ்ஸிலும் அப்படித்தான், கோயிலிலும் அப்படித்தான். பின்னால் போகச் சொன்னவன் நீ. போதும், முன்னால் வா என்று சொல்ல நீ இல்லை.