எட்டுக் கிலோ வில்

திண்டிவனம்
6-4-2025

தம்பி குமரேசனுக்கு அக்கா அம்சா எழுதுவது.

போன வருஷத் திருவிழாக் கூத்தன்றைக்குத் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் இருந்தவர்கள்: தர்மகர்த்தா விருத்தாசலம், மத்தளம் சீனுவாசன், பாஞ்சாலி வேஷம் கட்டிய சுப்பராயலு, முதல் வரிசையில் குப்பம்மாள், அவளுக்குப் பின்னால் நான், கொட்டகைத் தூணோரம் நீ. அர்ச்சுனன் வேஷத்தில் என் வீட்டுக்காரர், உன் மாமா. ஒரு வருஷமாகியும் எனக்கு ஒரு முகமும் மறக்கவில்லை.

உன்னோடு பேச மாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று செய்யவில்லை. அதனால் இது.

முப்பது வருஷமாகக் கூத்தில் வில் வளைத்து நாணைக் காது வரை இழுத்த மனுஷர், அன்றைக்கு மார்பு வரைகூட இழுக்க முடியாமல் நின்றார். "இன்னாடி அம்சா, அர்ச்சுனனுக்குக் கூழு ஊத்தலையா?" என்றாள் குப்பம்மாள். ஊரே சிரித்தது. அந்தப் புது மூங்கில் வில்லைச் செய்தவன் நீ. அவ்வளவு விறைப்பாக வைத்து, சபையில் அவரைத் தலைகுனிய வைத்தவனும் நீ.

இந்த வருஷமும் வேஷம் கட்டுவேன் என்கிறார். இன்னொரு தடவை அப்படி நின்றால் வீட்டை விட்டே வெளியே வர மாட்டார். எண்ணெய் போட வில்லை விருத்தாசலம் உன்னிடம் அனுப்புவான். விறைப்பைக் குறைத்துக் கொடு. பூசை போட்ட வில்லில் கத்தி படக் கூடாது என்பது எனக்கும் தெரியும். பாவம் என் தலையில் இருக்கட்டும். மாமாவுக்குத் தெரிய வேண்டாம்.

வறுத்துத் தின்ன மல்லாட்டைக் கடலை அனுப்பவில்லை. உனக்கு இன்னும் அந்தத் தகுதி வரவில்லை.

அம்சா


விழுப்புரம்
12-4-2025

அன்புள்ள அக்காவுக்குக் குமரேசன் வணக்கம்.

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் சோற்றுக் கையோடு பிரித்தேன்.

அந்த வில்லை நான் முன்பே குறைத்துவிட்டேன் அக்கா. போன திருவிழாவுக்கு முந்திய மாதம் மாமா மூன்று தடவை பஸ் ஏறி வந்தார். உன்னிடம் மயிலம் முருகன் கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருப்பார். முதலில் கொக்கித் தராசில் மாட்டி இழுத்தபோது பதினெட்டுக் கிலோ காட்டியது. மூங்கிலின் மேல்தோலைத் தொடாமல் உள்பக்கத்தைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். கொஞ்சம் சுரண்டுவது, நாண் மாட்டி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வளைகிறதா என்று பார்ப்பது, மறுபடி சுரண்டுவது. பதினான்குக்கு வந்தது. அடுத்த தடவை பதினொன்று. கடைசியில் எட்டு. ஆறாவது படிக்கிற என் பேத்தி இளவரசி இழுத்துவிட்டுச் சிரித்தாள்.

மாமா இழுத்தார். வரவில்லை.

"வலது கை என்னுது இல்லாத மாதிரி ஆயிப்போச்சிடா. உங்க அக்காகிட்ட சொல்லிடாத. பயந்துக்கினு கெடப்பா" என்றார். வில்லின் மேல் பழி விழட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

இதற்கு மேல் சுரண்டினால் ஒடியும். குறை வில்லில் இல்லை அக்கா. அவர் கையை டாக்டரிடம் காட்டு. சொல்ல மாட்டேன் என்றுதான் அவருக்கு வாக்குக் கொடுத்தேன். நீ காட்டிய வழியில் நானும் எழுதிவிட்டேன்.

தம்பி குமரேசன்


திண்டிவனம்
27-4-2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். "எழுதிட்டானா" என்றார். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறதாம். "ஒரு வருஷம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்றார் டாக்டர். அடுத்த வாரம் ஆபரேஷன். இதற்கு மேல் மோசமாகாது என்கிறார்கள். போன பலம் எவ்வளவு திரும்பும் என்று சொல்லவில்லை.

வேஷம் வேண்டாம் என்று அவரே விருத்தாசலத்திடம் சொல்லிவிட்டார். இந்த வருஷம் சுப்பராயலுதான் அர்ச்சுனன். உன் எட்டுக் கிலோவை இழுக்க அவன் எப்படி முக்குகிறான் என்று பார்க்க வேண்டும்.

சத்தியத்தை அம்மனிடம் சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டேன். போன் பண்ணு. மல்லாட்டை ஒரு மூட்டை சீனுவாசன் வேனில் வருகிறது.

உன் அக்கா அம்சா

கீழே இடம் இருப்பதால் இதையும் எழுதுகிறேன். இந்த ஒரு வருஷமும் சோறு போடும்போதெல்லாம் உன்னைத் திட்டித்தான் போட்டேன். எதிரில் உட்கார்ந்து, இடது கையால் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் கேட்டார். அவன் மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குச் சொல்லாததை உனக்குச் சொல்ல மூன்று தடவை பஸ் ஏறியிருக்கிறார். குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன், அதில் குறை வைக்க மாட்டேன். சிரித்த குப்பம்மாளைக்கூட மன்னித்துவிட்டேன். ஒரே ஒருவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவேன். இன்றைக்கு எழுதுகிறேன்.

தேவநாதன்.