குழம்பில் கூடிய உப்பு

உலகம்மன் துணை

தென்காசி
18-7-1938

கொழும்பில் இருக்கும் அன்புள்ள முத்துவடிவு மதினிக்கு, உலகம்மை வணங்கி எழுதுவது. என் இருதயம் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே அண்ணாச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே.

பாளையங்கோட்டை டாக்டர் உங்கள் தம்பியை வெளியே கூப்பிட்டு, அடுத்த வருஷச் சாரல் காலம் வரைக்கும் நான் தாங்க மாட்டேன் என்றார். எனக்கு இருதயம்தான் பழுது, காது நன்றாகக் கேட்கிறது.

அன்றோடு உங்கள் தம்பி என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். உப்பு ஒரு கல் கூடினால், தூத்துக்குடி உப்பளத்தை உன் அப்பன் சீதனமாகத் தந்தானா என்று கேட்கிற மனிதர். இப்போது எதைப் போட்டாலும் தலை நிமிராமல் சாப்பிடுகிறார். உயிரோடு இருக்கும்போதே என்னைப் படமாக்கிச் சுவரில் மாட்டிவிட்டார். சாவைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இந்த மரியாதையைப் பொறுக்க முடியவில்லை.

வேண்டுமென்றே ஒருநாள் புளிக்குழம்பில் கை நிறைய உப்பை அள்ளிப் போட்டேன். நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். பூனை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

போன வெள்ளிக்கிழமை குற்றாலம் போனோம். நான் அருவியில் தலை கொடுக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. தள்ளி நின்று சாரலில் நனைந்தோம். எனக்கு ஆசை அடங்கவில்லை. நான் செத்தபின் குளிப்பாட்ட நீர்மாலை எடுப்பீர்களே, அதற்கு வாய்க்கால் தண்ணீர் வேண்டாம், இங்கிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள், அருவியில் குளித்த கணக்காகிவிடும் என்றேன்.

அவர் வாய் கோணியது. அழப்போகிறார் என்று பயந்துவிட்டேன். “ஏட்டி, ஒன் வாயைக் கழுவவே இந்த அருவி பத்தாதேட்டி” என்றார்.

சிரித்தோம் மதினி. எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். அவர் கண் நனைந்திருந்தது. சாரல் என்றார். ஆமாம் என்றேன்.

மறுநாள் குழம்பில் உப்பு சரியாகத்தான் போட்டேன். அதற்கும் குறை சொன்னார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாரல் முடிவதற்குள் நீங்கள் கப்பலேறி வர வேண்டும். அழுதுகொண்டு வரக் கூடாது. எப்போதும்போல வாசலில் நின்று, “என் தம்பியைப் பட்டினி போட்டே எளைக்க வச்சிட்டியேட்டி” என்று சத்தம் போட வேண்டும். அதற்குப் பிறகு எந்த வருஷம் வந்தாலும் அதையே சொல்லுங்கள். உள்ளேயிருந்து நான் பதில் சொல்லாவிட்டால் உங்கள் தம்பி சொல்லுவார். பழக்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் வாய்க்கு என்றும் பயப்படாத,
உலகம்மை