உடைந்த சிலேட்டில் சம்மனசு முட்டை

இன்று காலை மீன் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். உன் சின்ன மகளின் உடைந்த சிலேட்டில் மறுபடியும் முட்டைகள் ஒட்டியிருந்தன. ஜவ்வரிசியைவிடச் சிறியவை, வரிசை வரிசையாக. நீ கப்பலேறியதிலிருந்து ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டு, உன் மனைவியின் கடிதம் வந்த மூன்றாம் நாள் இப்படி. கையில் செம்போடு அப்படியே நின்றேன். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? இந்த மாதிரி நேரத்தில் சுவரைத் தட்டி உன்னைத்தான் கூப்பிடுவேன். இப்போது தட்டினால் யாரோ புதுக் குடித்தனக்காரர் வருவார். அதனால் எழுதுகிறேன்.

ரப்பர் விலை விழுந்து, நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் மூட்டை முடிச்சோடு கப்பலேறி ஊருக்குத் திரும்பிய வருஷம் அது. ஆபீஸில் யாருக்கு எப்போது சீட்டுக் கிழியும் என்று தெரியாது. நீ முந்திக்கொண்டு மனைவியையும் இரண்டு பெண்களையும் நாகப்பட்டினக் கப்பலில் ஏற்றி மாமனார் வீட்டுக்கு அனுப்பினாய். "நெலம சரியானதும் கூட்டிக்கலாம்லா" என்றாய். இங்கே டத்தோ கிராமாட்டில் நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் பிள்ளைகள் சத்தம் நின்றது எனக்கே பொறுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து நீ, மீன் வளர்க்கப் போகிறேன் என்றாய். வெறும் வீட்டுக்கு மீன் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

ஊருக்குத் திரும்பிய துரை ஒருவர் போட்டுவிட்டுப் போன, மீன் வளர்ப்பு பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று உன்னிடம் இருந்தது. பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதியை நான் வாசிக்க வாசிக்க நீ செய்தாய். ஜெலுத்தோங்கில் சீனத் தகரக்காரர் ஒருவரிடம் தொட்டிக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டோம். மூன்று நாள் ஒழுகியது. மணலைக் கழுவு என்றது புத்தகம்; விரல் ஊறிப்போகும் வரை கழுவினோம். ஜெர்மன் கப்பல் சமையல்காரர் ஒருவர் பால் கேனில் நாலு மீன் வைத்திருந்தார். உன் மனைவி போட்டு வைத்துவிட்டுப் போன மாங்காய் ஊறுகாயை ஜாடியோடு கொடுத்து அவற்றை வாங்கி வந்தாய். தட்டை உடம்பு, கறுப்புக் கோடு, மேலும் கீழும் நீண்ட துடுப்பு. ஏஞ்சல் மீன் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நீ வேதக்காரன் அல்லவா, பார்த்ததுமே உங்கள் கோயிலில் தேவதூதரைச் சொல்வது போல "சம்மனசு" என்று பெயர் வைத்துவிட்டாய்.

தொட்டிக்கு அடியில் விளக்கேற்றி வை என்றும் புத்தகத்தில் இருந்தது. ஏற்றினோம். அதை எழுதியவன் பனி கொட்டும் ஊர்க்காரன் என்று இரண்டு குமாஸ்தாக்களுக்கும் உறைக்கவில்லை. அச்சில் வந்ததை மீறி நமக்கு என்ன பழக்கம்? நாலு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நாம் இன்னும் கொஞ்சம் திரியை ஏற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். என் மனைவி எட்டிப் பார்த்து, "புளி கரைக்கவாங்க?" என்று கேட்ட பிறகுதான் நீ பாய்ந்து விளக்கை அணைத்தாய். அன்று நீ சிரித்த சிரிப்பு, பிள்ளைகள் போன பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு.

அப்புறம் இரண்டு மீன்கள் ஜோடி சேர்ந்துகொண்டு மற்ற இரண்டையும் மூலைக்கு விரட்டின. விரட்டப்பட்டவற்றை என் வீட்டு ஜாடிக்கு மாற்றினோம். எது ஆண், எது பெண்? நீ ஒன்றைக் காட்டுவாய், நான் மற்றதைக் காட்டுவேன். இன்றுவரை தெரியாது. முட்டையிட வழவழப்பான கல் வேண்டும் என்ற இடம் வந்ததும், கட்டிலுக்கு அடியில் கிடந்த சின்னவளின் சிலேட்டை எடுத்து வந்தாய். மூலை உடைந்தது. ஆணியால் கீறிய ஒரு 'அ' அதில் இருந்தது. "அவளுக்கு எழுதணும்பா, உன் சிலேட்டுலதான் சம்மனசு குடியிருக்குன்னு" என்றாய்.

அந்தச் சிலேட்டிலேயே முட்டையும் வந்தது. முட்டை வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம்தான் கரையான் வயிற்றுக்குள் போயிருந்தது. சிலேட்டோடு எடுத்துத் தனிக் குடுவையில் வைத்தால் பத்திரம் என்றாய் நீ. எனக்கு வாய் நீளம். பெற்றவை பார்த்துக்கொள்ளும், கை வைக்காதே என்று மல்லுக்கு நின்றேன். நீ விட்டுக்கொடுத்தாய். இரண்டு மீனும் துடுப்பால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டேயிருந்தன. மறுநாள் மாலை நீ வேலை விட்டு வந்தபோது சிலேட்டு துடைத்த மாதிரி இருந்தது. ஒன்றுகூட இல்லை.

"பெத்ததே தின்னுடிச்சே" என்றாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. என் தப்பு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நாம ரெண்டு பேரும் நாளெல்லாம் கண்ணாடியில மூக்க வச்சுக்கிட்டு நின்னா அதுங்க மெரளாம என்ன செய்யும்? தள்ளி வைக்கிறதெல்லாம் சரியில்லப்பா. புள்ளைங்க பெத்தவங்ககிட்டதான் இருக்கணும்" என்றேன். மீனைப் பற்றித்தான் பேசினேன். பேசியதாகத்தான் நினைத்தேன். நீ சிலேட்டை நேராக நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாய்.

அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டாய். யாரும் உன்னைப் போகச் சொல்லவில்லை. தொட்டியை என் வீட்டில் வைத்துவிட்டு, "பாத்துக்கப்பா" என்று மட்டும் சொல்லிக் கப்பலேறினாய். நாலு மாதம். அப்புறம் அங்கே பரவிய காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று செய்தி வந்தது. இங்கேயே இருந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பாய். என் வாய்தான் உன்னை அனுப்பியதா, நீ முன்பே முடிவு செய்திருந்தாயா? மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நாள் நான் குற்றவாளி, மறுநாள் இல்லை. யாரிடம் கேட்பது?

உன் மனைவி கடிதத்தில் என்னைக் குறை சொல்லவில்லை. நாலு மாதமும் சின்னவள் உன் இடுப்பை விட்டு இறங்கவில்லையாம். நீ தினம் சம்மனசு கதை சொல்லித்தான் சோறு ஊட்டினாயாம். "குஞ்சு பொரிச்சிடுச்சான்னு மாமாகிட்ட கேளும்மா என்று நச்சரிக்கிறாள், ஒரு வரி எழுதுங்கள் அண்ணே" என்று முடித்திருந்தார். அதை வாசித்துவிட்டு அழுதேன். எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

காலையிலிருந்து குடுவையைக் கழுவுவதும் கவிழ்ப்பதுமாக இருக்கிறேன். நீ சொன்னபடி பிரித்து வைத்தால் சின்னவளுக்கு நல்ல பதில் எழுதலாமோ என்னவோ. மனைவி அலுத்துப்போய், "ஒண்ணு வைங்க, இல்ல விடுங்க" என்றாள். கடைசியில் தொட்டியின் நாலு பக்கமும் என் வேட்டியைச் சுற்றி மறைத்துவிட்டு, குடுவையை அடுக்களைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தள்ளி உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். விசிறுகிறதா, தின்கிறதா, தெரியாது. அன்று சொன்ன அந்த வார்த்தை உன்னைக் கொன்றதோ என்று இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்னவள் உன் இடுப்பில் இருந்த நாலு மாதத்தை நினைத்தால், அந்த வார்த்தையை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.