சிவப்பு லைட்டும் உன் முதல் மேட்சும்

அன்பு மகள் அஸ்வதிக்கு அம்மா பிந்து எழுதுவது. உன் முட்டி, கணுக்கால், வயிறு எல்லாம் சுகம்தானே மக்கா. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, எனக்குக் கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. போனில் பேசலாம்தான், ஆனால் போனில் நான் கத்துவேன், நீ சிரிப்பாய், அப்பா இடையில் வாங்கிப் பேசுவார், சொல்ல வந்தது பாதியில் நிற்கும். அதனால்தான் கொல்கத்தாவுக்கு ரயில் ஏறும் உன் கூட்டுக்காரி ஷிபாவின் அண்ணன் கையில் நேந்திரங்காய் வற்றலோடு இதையும் கொடுத்து விடுகிறேன். வற்றலை அப்புறம் தின்னு, முதலில் இதைப் படி. மேட்ச் முடிந்த அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டு, அந்த கோல் என் தப்பாம்மா என்று கேட்டாய் அல்லவா, அப்போது அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, அம்மா முதலிலிருந்து கடைசி வரை பார்த்தாள், உன் தப்பே இல்லை என்று சொல்கிறாள் என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வேன், அந்த மேட்சை நான் பார்க்கவே இல்லை.

ஏன் பார்க்கவில்லை என்று கேட்பாய். நம் வீடு ரப்பர் மர விளைக்கு நடுவே பள்ளத்தில் கிடப்பது உனக்குத் தெரியும், மேலே ரோட்டுக்கு ஏறினால்தான் போனில் நெட்டு நகரும். சீசன் முழுக்க நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேட்சைக்கூட ரோட்டோரக் கலுங்குத் திண்டில் இருந்து பார்த்து, லைவ் சாட்டில் எதிர் டீம் ஆட்களோடு சண்டை போட்டு, பிளாக் வாங்கியவள் நான். அப்படிப்பட்டவள், நீ முதல் பதினொன்றில் இறங்கும் நாளில் டிவியில் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அப்பாவை அரித்து ஃபைபர் லைன் எடுக்க வைத்தேன். கேபிள்காரன் ஞானதாசன் களியக்காவிளையிலிருந்து வந்து ஒயரை இழுத்து, சுவரில் ஒரு சின்னப் பெட்டியை அடித்து, அதோடு சேர்க்க ஒரு வெள்ளை ரவுட்டரையும் எடுத்து வைத்தான். அந்த நேரம் பார்த்து மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் தம்பி தாணு, உன் மாமன், தன் சூட்கேஸில் தைலத்துக்கும் பால்பொடிக்கும் அடியிலிருந்து ஒரு கறுப்பு ரவுட்டரை எடுத்து நீட்டினான். நாலு கொம்பு, பளபளவென்று இருந்தது. அப்பாவுக்குக் கண் விரிந்துவிட்டது. கல்ஃபிலிருந்து ஒரு குண்டூசி வந்தால்கூட அது நம்மூர்க் கடப்பாரையைவிட உறுதி என்று நினைக்கும் மனுஷன் அல்லவா. மச்சினன் பெருமையில் ஞானதாசனைப் பார்த்து, “எங்க அளியன் ஃபாரின் சாதனம் கொண்டுவந்திருக்காவ, உமக்க பெட்டிய நீரே கொண்டு போவும்” என்றார். அவனும் ஒரு வார்த்தை பேசாமல் வெள்ளைப் பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அன்று தொடங்கிய சள்ளை மக்கா. போனில் வைஃபை நிறையக் காட்டும், திறந்தால் நெட்டு இல்லை என்று வரும். பெட்டியில் ஒரு லைட்டு மட்டும் சிவப்பாக முழித்துக்கொண்டே இருக்கும். அணைத்துப் போட்டோம், ஒயரைக் கழற்றி மாட்டினோம், ஓட்டைக்குள் சேஃப்டி பின்னை விட்டு ரீசெட் பண்ணினோம், ரோட்டுக்கு ஏறி வீடியோ பார்த்துப் படித்துவிட்டுக் கீழே இறங்கிச் செய்து பார்த்தேன், மறுபடி ஏறினேன். ரவுட்டருக்குள் போகும் பக்கத்தைத் திறக்கக்கூட நானே கற்றுக்கொண்டேன். ஞானதாசன் தந்த யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் அதில் போட வேண்டும், ஆனால் போடுகிற இடம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது, ஒரு எழுத்து ஏறவில்லை. அப்போதே எனக்குப் பெட்டி மேல்தான் சந்தேகம். வாயைத் திறந்தேன், அப்பா என்னை அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போய், “வாயை மூடு பிள்ளே, அளியன் கடல் தாண்டிக் கொண்டுவந்த சாதனத்தக் குத்தம் சொன்னா அவரு மனசு நோவும்” என்றார். நோகட்டுமே. என் தம்பி, என் வீடு, என் மகள் மேட்ச். ஆனால் மாமன் ஹாலில் உட்கார்ந்து, என் ரூமில் இது பறந்தது அக்கா, உங்க ஊர் லைன்தான் சவம் என்கிறான், அப்பா தலையாட்டுகிறார், பெட்டி மேல் தூசி விழாமல் லேஸ் துணி வேறு போர்த்தியிருக்கிறார். ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லச் சொல்ல எனக்கும் லைன்தான் கேடு என்று தோன்றிவிட்டது. ஞானதாசன் போனை எடுக்கவில்லை. ஜங்ஷனில் அவனைப் பார்த்ததும் நாலு பேர் முன்னால் நன்றாகக் கொடுத்துவிட்டேன். அவன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனவன் போனவன்தான்.

உன் மேட்ச் நாளான ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் சோற்றைக்கூட ஒழுங்காகத் தின்னாமல், ரோட்டுக்கே ஏறிவிடுகிறேன் என்று கிளம்பினேன். மாமன் விடவில்லை, இப்ப வந்திரும் அக்கா, ஒரே ஒரு ரீசெட் என்றான். அந்த ஒரே ஒன்றை எத்தனை தடவை செய்தான் என்று எண்ணவில்லை. டிவி முன்னால் நான், சிவப்பு லைட்டு முன்னால் அவன், நடுவில் சாயாவோடு அப்பா. மேட்ச் தொடங்கும் நேரம் தாண்டியதும் போனை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் விளை ஏறி ஓடினேன். மழை வேறு. கலுங்கில் நின்று திறந்தால், ஸ்கோர் ஏற்கெனவே ஒன்றுக்குப் பூஜ்யம், நமக்கு எதிராக. படம் அசையவே இல்லை. மூன்றாம் நம்பர் சட்டையில் நீ நிற்கிறாய், உன் முகத்து மேலே வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மேட்ச் முடியும் வரைக்கும் நான் பார்த்தது அந்த ஒரு படம்தான். நனைந்துபோய் வீட்டுக்கு வந்தால் அப்பா ஜெயிச்சாச்சா என்று கேட்கிறார்.

உன் போன் அப்போதுதான் வந்தது. நீ கேட்ட கேள்விக்கு, தெரியவில்லை மக்கா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நான் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் பிடுங்கி, என் பெயரில் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டார், நான் மறுபடி வாங்குவதற்குள் லைன் போய்விட்டது. பிள்ளை மனசு கெடாமல் இருக்கட்டும் என்றுதான் சொன்னேன் என்கிறார். பிள்ளை ஆறுதலா கேட்டது, கோலைப் பற்றியல்லவா கேட்டது. அன்று அவரிடம் நான் பேசியதை இங்கே எழுத மாட்டேன்.

மறுநாள் கலுங்கில் உட்கார்ந்து தேடித் தேடி, மஸ்கட்டில் இருக்கும் ஒரு மலையாளி எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தேன். இதே கொம்பு, இதே பெட்டி. அங்கேயுள்ள கம்பெனி கனெக்‌ஷனோடு கொடுப்பது, பூட்டித்தான் தருவார்களாம், வேறு லைனில் ஓடவே ஓடாது. நேரே இறங்கி வந்து மாமனிடம், லே, இதைக் கடையில் வாங்கினியா என்றேன். இல்ல அக்கா, ரூம் மாறும்போது பழைய ரூமில் கிடந்தது, நல்லா ஓடிச்சே, எடுத்துட்டு வந்தேன் என்றான், கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லாமல். லேஸ் துணியோடு பிடுங்கி அவன் சூட்கேஸுக்குள்ளேயே போட்டேன். அப்பா அளியன் மனசு என்று தொடங்கினார், நான் திரும்பிப் பார்த்தேன், நிறுத்திவிட்டார். பிறகு ஞானதாசனைத் தேடிப் போனால், அவன் சிரிக்கிறான். “கல்ஃப் பெட்டி ஓடாதுண்ணு எனக்கு அண்ணைக்கே அறியும் அக்கா. அளியன் அளியன்னு சொன்னாவ, நான் எதுக்கு இடையில கேறணும்” என்றான். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறான் மக்கா. வந்து வெள்ளைப் பெட்டியை மாட்டினான், சாயா ஆறுவதற்குள் நெட்டு வந்துவிட்டது. அவனுக்கு ஒரு மடக்கு சாயாகூட நான் கொடுக்கவில்லை.

அன்றே முழு மேட்சையும் டிவியில் போட்டுப் பார்த்தேன், அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இப்போது கேள். அந்த கோல் உன் தப்புதான். கோல் போட்டவள் உன் முதுகுக்குப் பின்னால் ஓடினாள், நீ ஆஃப்சைடு என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டாய். விசில் ஊதவில்லை, கொடி உயரவில்லை, நீயே தீர்ப்பு சொல்லிவிட்டு நின்றாய். நிறுத்தி வைத்துப் பார்த்தேன், ஆஃப்சைடும் இல்லை. ஓடியிருந்தால் பிடித்திருப்பாய், உன் கால் எனக்குத் தெரியாதா. கையைத் தூக்கி அடுத்தவரைக் காட்டுகிற வேலையை இந்த வாரம் நம் வீட்டில் நாங்கள் எல்லாரும் போதும் போதும் என்று செய்தாச்சு, நீயும் செய்ய வேண்டாம். இன்னொன்றும் பார்த்தேன். அதற்குப் பிறகு கடைசி விசில் வரை அவள் ஒரு தடவைகூட உன்னைத் தாண்டவில்லை. கோச் உன்னை மாற்றவும் இல்லை. உன் தப்பில்லை என்று சொன்னவர் ஒரு நிமிடம்கூடப் பார்க்காதவர், அதனால் அதை வைத்துக்கொண்டு நீ ஆறுதல் பட வேண்டாம். அதற்குப் பிறகு நீ நன்றாக விளையாடினாய் என்று சொல்கிற நான் பார்த்தவள், அதை நம்பலாம்.

குமரி அம்மன் உன் காலுக்கும் கண்ணுக்கும் துணையாக இருக்கட்டும். ஐஸ் வைக்காமல் படுக்காதே, அப்பாவைத் திட்டாதே, அது என் வேலை. இனி ஒரு கேள்வி இருந்தால் என்னிடமே கேள், பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். ஆஃப்சைடோ எதுவோ, விசில் காதில் விழும் வரை ஓடு மக்கா.

இப்படிக்கு,
முழு மேட்சும் பார்த்துவிட்ட உன் அம்மா,
பிந்து