ஆணியில் மாட்ட ஒரு படம்

18-8-2024, ஞாயிறு

கிரணுக்குச் சென்னைக் கம்பெனியில் பதவி உயர்வு. சரவணன் செய்யார் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். தேவிப்ரியா நர்ஸ் படிப்பில் முதல் வகுப்பு. ஜெர்மன் பாஷைப் பரீட்சையும் பாஸ். தீபாவளி கழிந்ததும் விமானம் ஏறுகிறாள். அஞ்சாம் வகுப்போடு நின்ற இந்தக் கிருஷ்ணம்மாளின் பேரப்பிள்ளைகள் இவர்கள்! ரேஷன் கடை வரிசையில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு அபிதகுசாம்பாள் மட்டும், "போன வாரமே சொல்ட்டக்கா" என்றாள். சொன்னால் என்ன?

மூன்று பேரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. இரண்டு பேர் இருந்தால் ஒருத்தர் இருக்கமாட்டார். கூடத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். கிரண் வாங்கிக் கொடுத்த கேமரா இருக்கிறது. தேவி போவதற்குள் என் கையாலேயே எடுத்து மாட்டிவிடுவேன். மூன்று கால் ஸ்டாண்டு இன்று பார்சலில் வந்தது.

5-9-2024

கடைத்தெரு போனேன். கேமரா கடை ராமதாஸ் கூப்பிட்டு ஒரு லென்ஸைக் காட்டினான். "ஆயா, இதுல எடுத்தா பின்னாடி கீற செவுரு, ஒயரு எல்லாம் பஞ்சு மாதிரி பூடும். மூஞ்சி மட்டும் பளிச்சினு நிக்கும்." வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கேமராவோடு வந்த லென்ஸையே விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் தொட்டிருக்கிறேன்.

6-9-2024

வாங்கிவிட்டேன்.

8-9-2024

மகன் பழனி தறிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்தவன் பார்த்துவிட்டான். "இங்க யார்மா கீறாங்க, நீ போட்டோ எடுக்க?" என்றான். வெள்ளை வேட்டித் துணியில் கேமரா, லென்ஸ் எல்லாவற்றையும் சுற்றி, என் கூறைப் பட்டு இருக்கும் மரப்பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினேன். காற்றும் வெளிச்சமும் பட்டால் பட்டு பாழ். இத்தனை விலை கொடுத்த சாமானுக்கு அதைவிடப் பத்திரமான இடம் எது?

அபிதா, "என்னையாச்சும் ஒண்ணு எடேன்" என்றாள். உன் மூஞ்சிக்கா இந்த லென்ஸ் என்று வாய்வரை வந்தது. சிரித்து மழுப்பிவிட்டேன்.

17-10-2024

விடாத மழை. சுவர் வேர்க்கிறது. மரப்பெட்டியைத் திறக்கவில்லை, பட்டுக்கு ஈரம் ஆகாதே.

போனில் ஒரு வட்ட விளக்கு பார்த்தேன். பிள்ளைகள் முகம் இருட்டாக விழுந்துவிட்டால்? அதையும் ஆர்டர் போட்டுவிட்டேன். சாமான் வாங்க வாங்க, அவர்கள் வருகிற நாள் பக்கத்தில் வருகிற மாதிரி இருக்கிறது. இது என்ன பைத்தியம்?

31-10-2024, தீபாவளி

மூன்று பேரும் வந்தார்கள். புதுத்துணியில் வாசலில் நிற்க வைத்தேன். கேமராவில் பார்த்தால் ஒரே புகை. வெடிப் புகையோ என்று தலையைத் தூக்கித் தெருவைப் பார்த்தேன். தெரு தெளிவாக இருந்தது. துடைத்தேன். மறுபடியும் புகை.

கிரண் லென்ஸைக் கழற்றி வெயிலில் பிடித்தான். உள்ளே வெள்ளை வெள்ளையாக இழை ஓடியிருந்தது.

"ஆயா, பூஞ்சை புடிச்சிகினு கீது. எங்க வெச்சிருந்த?"

"பட்டுப் பொட்டில."

தேவி சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "இதுக்குக் காத்தும் வெளிச்சமும் வேணும் ஆயா. மூடி வெச்சா மழைக்காலத்துல இப்பிடித்தான் ஆவும்."

பழைய லென்ஸும் அதே துணியில்தான் இருந்தது. அதுவும் போச்சு.

"வுடு ஆயா, போன்ல ஜல்தியா ஒண்ணு எடுத்துடலாம் வா" என்றான் சரவணன். நான் ஒப்பவில்லை. போனில் யார்தான் எடுக்கமாட்டார்கள்? "நாளைக்கு ராமதாஸ் கடைல சரி பண்ணிகினு வந்து நானே எடுக்கறேன்" என்றேன். பிள்ளைகள் என்னை வற்புறுத்தவில்லை.

1-11-2024

ராமதாஸ் கடை பூட்டியிருந்தது. திரும்பி வருவதற்குள் சரவணன் கம்பெனி பஸ் ஏறிவிட்டான்.

எதுக்குடி கிருஷ்ணம்மா உனக்கு அவ்ளோ ராங்கி? ஒரு போன்ல ஒரு நிமிஷம் — ஒரே ஒரு நிமிஷம். நின்னுகினு இருந்தாங்களே மூணு பேரும். வாசல்ல. ஒண்ணா.

10-11-2024

தேவி போய்விட்டாள். விமானம் இறங்கியதும் பேசினாள்.

15-11-2024

ராமதாஸ் லென்ஸைப் பார்த்தான். "தொடைச்சாலும் பழையபடி வராது ஆயா. குடுத்துட்டு புதுசா ஒண்ணு எடுத்துக்கோங்க. இதவிட சூப்பரா வந்துகீது." கையில் வாங்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் நீலமும் ஊதாவும் மின்னியது. யாரை எடுக்க? அடுத்து எந்தத் தீபாவளி? அப்போது நான் இருப்பேனா? தெரிந்தும் கை கீழே வைக்கமாட்டேன் என்கிறது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

16-11-2024

போகவில்லை. படுத்தே கிடந்தேன்.

1-12-2024

மழை. ஆணியில் துரு.

22-12-2024, ஞாயிறு

ஸ்டாண்டில் அபிதா துணி உலர்த்துகிறாள். கேட்டாள், கொடுத்துவிட்டேன். அவளை வாசலில் நிற்க வைத்து அந்தப் புகை லென்ஸிலேயே ஒரு படம் எடுத்தேன். பார்த்துவிட்டு, "செத்து சொர்க்கத்துக்குப் போன மாதிரி கீறேன்க்கா" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகைதான் வந்தது.

தேவியைப் போனில் பிடித்தேன். அங்கே பனி கொட்டுகிறதாம்.

"அந்தப் பனியில நின்னு ஒரு போட்டோ எடும்மா. யாரு எடுத்தாலும் சரி, போன்லயே எடு."

"இப்பவே வாட்ஸ்அப்ல அனுப்பட்டா ஆயா?"

"வேணாம். பிரிண்ட் போட்டு தபால்ல போடு. ஆணி காலியா கீது."